பவளத்துக்கு வந்த கோடிப்புடவை

வக்கீல் வேதகிரி எவர் வீட்டுக்குள்ளும் உட்கார்ந்து பாகப்பிரிவினை பேசமாட்டார். நிலத்துக்கு வா என்பார். அண்ணன், தம்பி, கட்டிக்கொடுத்த பெண்கள், மருமகன்கள் எல்லாரும் வரப்பில் வந்து நிற்க வேண்டும். பெரியவன் கூறு போடுவான், சின்னவன் தனக்கு எந்தக் கூறு வேண்டுமென்று எடுத்துக்கொள்வான். கிணற்றில் யாருக்கு எந்த முறை, மோட்டார் ரிப்பேர் ஆனால் யார் செலவு, அறுவடை வண்டி எந்தப் பக்கமாக இறங்க வேண்டும், எல்லாம் நின்றபடியே பேசித் தீர்க்க வேண்டும். வெயில் ஏற ஏறப் பழைய கதை குறைந்துபோகும். உச்சி வேளைக்குள் முடிந்துவிடும். முடியாவிட்டால்தான் கோர்ட்டு.

உத்திரமேரூர் வட்டாரத்தில் இதை அவருடைய பெரிய சூட்சுமம் என்று சொல்லுவார்கள். வக்கீல் சங்க விழாவில் ஒருத்தர் மைக்கைப் பிடித்து இதைப் பாராட்டிப் பேசியும் இருக்கிறார். வேதகிரி மேடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். உண்மையில் அதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. அவர் கறுப்பு கோட்டு வாங்கின புதிதில், கேஸ் கொடுக்கிற வீடுகள் அவரை மாட்டுக்கொட்டகைப் பக்கமாக வரச்சொல்லும். காலனிப் பையன் வக்கீலானாலும் நாற்காலி எடுத்துப் போட யாருக்கும் கை வராது. இரண்டு வீட்டில் அப்படி நின்று பார்த்துவிட்டு, மூன்றாவது ஆள் கூப்பிட்டபோது, "நெலத்தாண்ட வந்துடுங்க, அங்க பேசிக்கலாம்" என்று இவரே சொல்லிவிட்டார். நிலத்தில் எல்லாருமே நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். அப்படியே பழக்கமாகிவிட்டது.

நிலத்தில் நிற்பது அவருக்குப் புதிதும் இல்லை. அப்பா செங்கேணி பெருநகரில் அடுத்தவன் நிலத்துக்கு ஏர் ஓட்டியே தேய்ந்துபோனவர். அம்மா நடவு, களை. வேதகிரி சட்டக் கல்லூரியில் சேர்ந்த பிறகும் லீவுக்கு வந்தால் கதிர்க்கட்டு சுமந்தார். எந்தக் கழனி மேடு, எதில் கடைசித் தண்ணீர் ஏறாது என்பது காலுக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கழனிகளைப் பங்கு பிரித்துக் கொடுத்துச் சம்பாதித்தார். வீடு கட்டினார். மகளை டாக்டருக்குப் படிக்க வைத்தார்.

அவருக்கு முதல் என்று இருந்தது வாய்ச்சொல். ஒரு பக்கத்து வக்கீலாக வரப்பில் வந்து நின்றாலும், எதிர்ப் பக்கத்தானும் அவர் பேச்சை நம்புவான். "கெழக்கால பாதைய அடைக்கமாட்டாங்க, நான் சொல்றன்" என்று அவர் சொல்லிவிட்டால் பத்திரம் பதிவாகிற வரைக்கும் எவனும் வேலி போடமாட்டான். ஒரு தடவைகூட அந்தச் சொல் மாறினதில்லை. மாறியிருந்தால் காலனி வக்கீலை நம்பி ஊர்க்காரன் வரப்புக்கு வந்திருக்கமாட்டான். அதுவும் அவருக்குத் தெரியும்.

அவரிடம் வந்த பெண்களில் பவளம் ஒருத்தி.

பெருநகரில் பெரிய குடும்பம் அவளுடையது. செங்கேணி அந்த வீட்டு நிலத்திலும் ஏர் ஓட்டியிருக்கிறார். திருப்புலிவனத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் அப்பா உயில் எழுதாமல் செத்தார். ஒரே அண்ணன் பஞ்சாட்சரம் எல்லாக் குடும்பத்திலும் செய்கிறதைத்தான் செய்தான். தங்கச்சியை ரெஜிஸ்டர் ஆபீசுக்குக் கூப்பிட்டான். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் ஒரு பட்டுப்புடவை, ஓட்டலில் சாப்பாடு, பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அண்ணன் பொங்கலுக்குச் சீர் கொண்டு வருவான், மகள் சடங்குக்குத் தாய்மாமனாக நிற்பான், கடைசியில் அவள் செத்தால் பிறந்த வீட்டுக் கோடியைத் தட்டில் வைத்து மேளத்தோடு எடுத்துவந்து உடம்பு மேல் போடுவான். பிறந்த வீட்டுக் கோடி வராமல் பெண் பிணத்தைத் தூக்கமாட்டார்கள். கையெழுத்துக்குப் பதில் இது. யாரும் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

பவளம் கையெழுத்துப் போடவில்லை. புருஷனுக்குச் சிறுநீரகம் கெட்டுக் கிடந்தது. நேராக வேதகிரியிடம் வந்து, "எனக்கு இன்னா வருமோ அது வரணும் வக்கீலே" என்றாள். கேஸ் போட்டார். அன்றோடு அண்ணன் வருவது நின்றது. மகள் ஜெயப்பிரியா சடங்குக்குத் தாய்மாமன் இல்லை. கல்யாணத்துக்கும் இல்லை. புருஷன் செத்தபோது, தாலி அறுத்தவளுக்குப் பிறந்த வீட்டார் போட வேண்டிய கோடி வரவில்லை. பந்தல் நிறையப் பெண்கள் பார்க்க, பழைய புடவையோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் ஒருநாள் ஆபீசுக்கு வந்தவள், "உட்டுடலாமா வக்கீலே?" என்றாள். "நான் செத்தா அவன் கோடி எடுத்துக்கினு வரணும். அந்த வூட்லதான பொறந்தேன்."

"கையெழுத்துப் போட்டா கோடி வரும், பங்கு வராது. கேஸ் ஜெயிச்சா ரெண்டும் வரும்" என்றார் வேதகிரி. "தீர்ப்பாகி கோர்ட்டு டிகிரி கைக்கு வந்ததும் உங்க அண்ணன் தானா வந்து நிப்பாரு பாருங்க."

அன்றைக்கு அவர் அதை நம்பித்தான் சொன்னார். நிறைய வீட்டில் அப்படி நடந்தும் இருக்கிறது. பவளம் தலையாட்டிவிட்டுப் போனாள்.

டிகிரி வருவதற்கு முன் பவளம் செத்துப்போனாள்.

ஜூனியர் பிரபாதான் போனில் சொன்னாள். "சார், திருப்புலிவனம் பவளம்மா தவறிட்டாங்களாம். காலைல ஜி.எச்.ல." வேதகிரி சரி என்றார். கோர்ட்டில் அன்றைக்கு இருந்த ஒரு வாய்தாவை முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் ஒரு மாலை வாங்கிக்கொண்டு பைக்கில் போனார். வருத்தம் என்று எதுவும் வரவில்லை. வாரிசு மனு போட வேண்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது. வழக்குப் போட்டவர் செத்தால் தொண்ணூறு நாளுக்குள் வாரிசைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் வழக்கும் செத்துப்போகும். வண்டியை ஓட்டிக்கொண்டே, ஜெயப்பிரியாவிடம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கினார்.

தெருமுனையில் தண்ணீர் டேங்குக்குக் கீழே ஒரு டாடா ஏஸ் நின்றது. பஞ்சாட்சரமும் பெருநகர்ப் பங்காளிகளும் நிழலில் நின்றிருந்தார்கள். மேளக்காரர்கள் மேளத்தைத் தரையில் வைத்துவிட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் கையில் ஜவுளிக்கடைப் பை. வேதகிரி வண்டியை நிறுத்தவில்லை.

வீட்டு வாசலில் ஷாமியானா. ஐஸ் பெட்டிக்குள் பவளம். பெட்டியின் கண்ணாடியில் உள்பக்கம் வியர்த்து, முகம் சரியாகத் தெரியவில்லை. ஜெயப்பிரியா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் வந்து அம்மாவோடு இருந்தவள். ஒரகடத்தில் கம்பெனி வேலை. கம்பெனிச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

வேதகிரி மாலையைப் பெட்டி மேல் வைத்தார். பவளத்தின் ஓரகத்தி சிட்டம்மாள் பக்கத்தில் இருந்தாள். வாய்க்குப் பெயர் போனவள்.

"இன்னா வக்கீலே, பங்கு வாங்கிக்கினு வந்துட்டியா? அதோ கீறா. குடுத்துட்டுப் போ."

அவர் சரிந்த மாலையை நேராக்கி வைத்தார்.

"காலைலேந்து கெடக்குது. கோடி வரல. அண்ணங்காரன் டேங்காண்ட வந்து நின்னுக்கினு கீறான், உள்ள வரமாட்டேங்குறான். கேஸ இன்னா பண்றதுன்னு பேசினாதான் கோடியாம். புருசன் செத்தப்பவும் இல்ல, இப்பவும் இல்ல. இந்த லட்சணத்துல நீ கோர்ட்டுல ஜெயிச்சுக் குடுத்தியாக்கும்."

"பெரிம்மா, சும்மா இரு" என்றாள் ஜெயப்பிரியா. அவள் நிமிரவில்லை.

"நான் சும்மாதான் கீறேன். பெட்டிக்காரன் சும்மா இருப்பானா? சாயங்காலம் வேற ஊர்ல பொணம் கீதுன்னு பெட்டி கேக்குறான்."

பெண்கள் அழுவதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. சும்மா உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். வேதகிரி பெட்டியைப் பார்த்தார். பிறகு திரும்பித் தெருமுனைக்கு நடந்தார். ஏன் நடந்தார் என்று பின்னால் யோசித்துப் பார்த்தபோதும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒருவேளை அங்கே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பஞ்சாட்சரம் அவரைப் பார்த்ததும் சிரித்தான். வயசாகிவிட்டது, ஆனால் சட்டைப் பையில் மடித்த கைக்குட்டை, கையில் வெள்ளிக் காப்பு எல்லாம் அப்படியே இருந்தது.

"வா வேதகிரி. உனுக்குதான் நின்னுக்கினு கீறேன்."

"புடவைய எடுத்துக்கினு உள்ள போங்க. தங்கச்சி கெடக்குறாங்க."

"போறன். என் தங்கச்சிக்குப் போடத்தான வாங்கியாந்தேன். கேஸ இன்னா பண்றதுன்னு சொல்லு."

"இங்க நின்னு பேசற பேச்சா இது?"

"நீ வரப்புல நின்னு பேசறவன்தான? ரோட்டுல நின்னு பேசக்கூடாதா?" பங்காளிகளில் ஒருத்தன் சிரித்தான். பஞ்சாட்சரம் தொடர்ந்தான். "இத்தினி வருசம் கோர்ட்டுக்கு அலஞ்சதுல எனக்கும் நாலு சட்டம் தெரியும். இப்ப அந்தப் பொண்ணாண்ட எய்தி வாங்கினா செல்லாது. வாரிசு சர்ட்டிபிகேட்டு வர்ற வரைக்கும் அவ யாரோ. எனக்கு எய்த்து வேணாம். நீ ஒரு வார்த்த சொல்லு. வாரிசு மனு போடமாட்டேன்னு. தொண்ணூறு நாளு போனா கேஸு தானா போய்டும். நீ சொன்னா சொன்னதுதான்னு ஊருக்கே தெரியும்."

"நான் சொல்றதுக்கு அது என்னோடது இல்ல."

"அப்ப நாங்க வண்டி ஏறுறோம். தூக்கறவன் தூக்கட்டும்."

மேளக்காரன் ஒருத்தன் பீடியை அணைத்துக் காதில் சொருகினான். சிட்டம்மாளின் குரல் தெருவுக்குக் கேட்டது; பெட்டிக்காரனோடு என்னவோ சத்தம். வேதகிரிக்கு வியர்த்துக் கண்ணில் இறங்கியது. பவளம் ஆபீஸ் நாற்காலியில் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டது நினைவுக்கு வந்தது. இரண்டும் வரும் என்று அவர் சொன்னதும்.

"போடமாட்டேன்" என்றார்.

"மாறமாட்டியே."

"சொல்லிட்டேன் இல்ல. எடுத்துக்கினு போங்க."

பஞ்சாட்சரம் பங்காளிகளைப் பார்த்துத் தலையாட்டினான். மேளம் தோளில் ஏறியது. தட்டில் புடவை, மஞ்சள், பூ. மேளச் சத்தம் தெருவுக்குள் நுழைந்ததும் பந்தலில் இருந்த பெண்கள் எழுந்து ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். அதுவரை அடக்கிவைத்த அழுகை. சிட்டம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "வந்துட்டாண்டி உங்க அண்ணன். எய்ந்து பார்ரீ." பெட்டியைத் திறந்தார்கள். அரக்குக் கலர் புடவை. விலை உயர்ந்ததுதான். பஞ்சாட்சரம் அதைப் பிரித்து உடம்பு மேல் போட்டான். போட்டதும் அவனுக்கே அழுகை வந்துவிட்டது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். நடிப்பு மாதிரித் தெரியவில்லை. ஜெயப்பிரியா எழுந்து தடுமாறி வந்து மாமன் காலில் விழுந்தாள். அவள் விழுந்ததை வேதகிரி பந்தலுக்கு வெளியே நின்று பார்த்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மனைவி ஷீபா பார்த்துக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூட டீச்சர், யார் முகத்தையும் உடனே படித்துவிடுவாள்.

"கொழம்புல உப்பே போடல. மறந்துட்டேன். நீங்க பாட்டுக்குச் சாப்பிட்டுக்கினு கீறீங்க."

"அப்படியா."

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

அது உண்மைதான். ஒன்றும் ஆகவில்லை. உள்ளே எங்கேயாவது குத்தும் என்று எதிர்பார்த்தார். குத்தவில்லை. உப்பு எடுத்துப் போட்டுக்கொண்டு மிச்சத்தையும் சாப்பிட்டார்.

காரியம் முடிந்த வாரத்தில் பஞ்சாட்சரம் போன் செய்தான். தன் இரண்டு பிள்ளைகளுக்கும் இருக்கிறதைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும், வேதகிரிதான் பேசித் தர வேண்டும் என்றான். "நெலத்துக்கெல்லாம் வேணாங்க. நம்ப வூட்டுக்கு வந்துடுங்க." முதல் தடவையாக 'ங்க' போட்டான்.

பெருநகரில் அந்த வீட்டின் பின்பக்கம் வேதகிரிக்குத் தெரியும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் அப்பா உட்கார்ந்து சாப்பிடும்போது, சின்னப் பையனாக அவரும் கூட உட்கார்ந்திருக்கிறார். வாசல் வழியாக அன்றைக்குத்தான் போனார். ஹாலில் சோபா. பெரிய மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "சர்க்கரை போதுமான்னு பாருங்க" என்றாள். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே மாதிரி டம்ளர்தான். அவர் உட்கார்ந்தார். மெத்தென்று இருந்தது. காப்பி சூடாக இருந்தது. இதற்காகத் தன் அப்பா என்ன கொடுத்திருப்பார் என்று நினைத்துப் பார்க்க முயன்றார். அப்பா முகம்கூடச் சரியாக வரவில்லை. பெரியவனுக்குக் கிணற்றை ஒட்டின கழனி, சின்னவனுக்கு ரோட்டோரம் என்று பேச்சு ஆரம்பித்தது. பவளத்துக்கு வர வேண்டிய பங்கும் அந்தக் கிணற்றுக் கழனிக்குள் சேர்ந்துதான் இருந்தது. அவர் குறித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த திங்கட்கிழமை ஜெயப்பிரியா ஆபீசுக்கு வந்தாள். பிரபா மேஜையில் எதையோ டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஜெயப்பிரியா உட்காரவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"எங்க மாமா கோடி எடுத்துக்கினு வந்தாரில்ல. அதுக்கு முன்னால நீங்க டேங்காண்ட போய்ப் பேசினீங்களாம். பெரிம்மா சொல்லுச்சு. இன்னா பேசினீங்க?"

சொன்னார். மறைக்கவில்லை, நீட்டவும் இல்லை. டைப் சத்தம் நின்றது.

ஜெயப்பிரியா கொஞ்சநேரம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"அது யாருது சார்?"

"எது?"

"நீங்க குடுத்தது."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"கோடி வேணும்னு எங்கம்மா கேட்டுக்கினே இருந்துச்சு. சரி. நான் கேட்டனா சார்? என்னாண்ட வந்து ஒரு வார்த்த, இந்த மாதிரி கேக்குறான், இன்னாம்மா பண்ணலாம்னு கேட்டீங்களா? கூப்புடு தூரத்துலதான உக்காந்துக்கினு இருந்தேன்." குரல் உயரவே இல்லை. கம்பெனியில் சூப்பர்வைசரிடம் கணக்கு ஒப்பிக்கிற மாதிரிப் பேசினாள். "எங்க பெரியப்பா பசங்க வூட்டக் காலி பண்ணுன்னு சொல்லிட்டாங்க. பூர்வீக வூடாம், எனக்கு இல்லியாம். அதுக்கு ஒரு கேஸு போடலாம்னு நீங்க சொல்வீங்க. போட்டு, அதுலயும் எவனாச்சும் செத்தா இன்னொரு வார்த்த குடுத்துடுவீங்க."

"ஜெயா" என்றாள் பிரபா.

"இரு அக்கா. மனசு எளகித்தான் வந்தாருன்னு நெனச்சு அவரு கால்ல உழுந்தேன் சார் நானு. நீங்க நின்னு பார்த்துக்கினுதான இருந்தீங்க." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "அந்தப் புடவ எரிஞ்சி சாம்பலாப் போச்சு. நான் கீறேன்."

மின்விசிறி ஒரு பக்கமாக இழுத்து இழுத்துச் சுற்றியது. வேதகிரி மேஜைக்கடியில் தன் கைகளை ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டார். கை தன்னுடையதா என்று சந்தேகமாக இருந்தது.

பிரபாதான் பேசினாள். "சார், நீங்க போடமாட்டேன்னுதான சொன்னீங்க? நீங்க விலகிக்குங்க. நான் வக்காலத்து வாங்கி என் பேர்ல மனு போடறேன். உங்க வார்த்த தப்பாது, இவங்களுக்கும் வேல ஆகும்."

சட்டப்படி அது சரி. வேறு வக்கீல் வந்து யோசனை கேட்டிருந்தால் வேதகிரியும் அதையேதான் சொல்லியிருப்பார். ஜெயப்பிரியா ஒரு பக்கமாகச் சிரித்தாள்.

"எங்க மாமா பால் குடிக்கிற புள்ளயா? அவருக்குத் தெரியாதா? ஆனா எனக்கு யாரு போட்டா இன்னாக்கா. போடணும். அவ்ளோதான்."

"யோசிக்கிறேன்" என்றார் வேதகிரி.

"தொண்ணூறு நாளுதான சார். யோசிச்சிக்கினே இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

இரண்டு நாள் அவர் பவளத்தின் கேஸ் கட்டைத் தொடவில்லை. சாலவாக்கத்திலிருந்து இரண்டு அண்ணன் தம்பிகள் வந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பஞ்சாட்சரத்தின் பெரிய பிள்ளை போன் செய்து, பத்திரம் எழுத நல்ல நாள் பார்த்திருப்பதாகச் சொன்னான். வேதகிரி எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றார். பிரபாவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. காலனியிலிருந்து வந்த இரண்டாவது வக்கீல் அவள். மனு அவள் பேரில் போனால், ஊர் அவளைத்தான் பேசும். 'வக்கீல் ஐயா சொன்ன சொல்லக் காப்பாத்தினாரு, அந்தப் பொண்ணுதான் குறுக்கால வந்து கெடுத்துச்சு' என்று பேசும். அவர் சோபாவில் உட்கார்ந்து காப்பி குடிக்கலாம்.

மூன்றாம் நாள் காலையில் பிரபா வந்தபோது மனு டைப்பாகி மேஜையில் இருந்தது. வக்கீல் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வேதகிரி தன் கையெழுத்தைப் போட்டிருந்தார்.

"சார், நான் சொன்னேனே…"

"குடுத்தது நான்மா. உன் பேர்ல திருப்பி வாங்கக்கூடாது. ஜெயப்பிரியாவாண்ட கையெழுத்து வாங்கி இன்னிக்கே கோர்ட்டுல போட்டுடு."

விசாரணைக்கு வந்த நாள் கோர்ட்டில் கூட்டம். வராந்தாவில் பஞ்சாட்சரம் இரண்டு பிள்ளைகளோடும் நின்றிருந்தான். வேதகிரி ஒதுங்கிப் போகவில்லை, நேராகத்தான் போனார்.

"பொணத்து எதுர்க்க சொன்ன வார்த்த" என்றான் பஞ்சாட்சரம்.

"ஆமா."

"பொண்ணு அழுதுச்சு, மனசு கேக்கலன்னு சொல்லப்போறியா?"

"இல்ல. உங்களாண்ட சொன்னதும் நான்தான், போட்டதும் நான்தான்."

"உன்ன என் வூட்டு ஹால்ல உக்கார வெச்சேன் பாரு." அவன் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தான். "செங்கேணியாச்சும் சொன்னா சொன்ன நேரத்துக்கு ஏரக் கட்டுவான். இனிமே உன் பேச்ச நம்பி எவன்யா வரப்புக்கு வருவான்?"

"வரமாட்டாங்க" என்றார் வேதகிரி.

உள்ளே பேர் கூப்பிட்டார்கள். பஞ்சாட்சரத்தின் வக்கீல் எழுந்து, மனுவுக்குக் கடும் ஆட்சேபணை இருப்பதாகச் சொன்னார். இறந்துபோன வாதியின் வக்கீலே, ஊரார் முன்னிலையில், வழக்கை மேற்கொண்டு நடத்தமாட்டேன் என்று உறுதி கொடுத்திருக்கிறார். அதை நம்பித்தான் பிரதிவாதி சடங்குகளைச் செய்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாலவாக்கத்து அண்ணன் தம்பிகளும் வேறு எதற்கோ வந்து பின்வரிசையில் இருந்தார்கள்.

ஜட்ஜ் சின்ன வயசுக்காரர். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு வேதகிரியைப் பார்த்தார். அவருக்கும் வேதகிரியைப் பற்றித் தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏதோ துக்க வீட்டில் சமாதானத்துக்குப் பேசினது, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் போதும். அது கோர்ட்டுக்குத் தேவையில்லாத சங்கதி, ஜட்ஜே தள்ளிவிடுவார்.

"அப்படி ஏதாவது சொன்னீங்களா சார்?"

"சொன்னேன், ஐயா."

வேதகிரி ஜட்ஜைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"வாரிசு மனு போடமாட்டேன்னு சொன்னேன். மனுதாரரைக் கேக்காம சொன்னேன். அவங்க அங்கேயே இருந்தாங்க, ஆனாலும் கேக்கல. சொல்றதுக்கு எனக்கு அதிகாரம் கெடையாது. நான் சொன்னது அவங்களைக் கட்டுப்படுத்தாது. என் தப்புக்கு அவங்க பங்கு போகக்கூடாது. அதனாலதான் மனு."

ஜட்ஜ் கொஞ்சநேரம் எழுதினார். மனு அனுமதிக்கப்பட்டது. பவளம் பேருக்குக் கீழே ஜெயப்பிரியா, மகள் என்று சேர்க்கச் சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிடச் சொன்னார்.

வேதகிரி திரும்பியபோது பின்வரிசை காலியாக இருந்தது. சாலவாக்கத்துக்காரர்கள் போய்விட்டார்கள்.

வெளியே ஜெயப்பிரியா தூணோரம் நின்றிருந்தாள். உள்ளே நடந்ததைக் கேட்டிருக்க வேண்டும், கதவருகில்தான் இருந்தாள். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

"என் பேரு ஏறிடுச்சா சார்?"

"ஏறிடுச்சு."

"அடுத்த வாய்தாவுக்கு நான் வரணுமா? லீவு கேட்டா மொறைக்கிறாங்க."

"வேணாம். சாட்சி சொல்ற அன்னிக்கு வந்தாப் போதும். முன்கூட்டியே சொல்றேன்."

"சரி." அவள் பையைத் தோளில் மாட்டினாள். "அப்ப நான் ரெண்டாவது ஷிப்டுக்குப் போறேன்."

கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவள் வேகமாக நடந்தாள். பஞ்சாட்சரத்தின் கார் அவளைக் கடந்து போயிற்று. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

போன் இரண்டு தடவை அடித்தது. எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வரமுடியாது, வீட்டில் கொஞ்சம் பேஜாராகக் கிடக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றான் சாலவாக்கத்துப் பெரியவன். சரிங்க என்று சொல்லி வைத்தார். மனசில் ஏதாவது வருகிறதா என்று நின்று பார்த்தார். தாகமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஹாலிலிருந்து கோர்ட்டு பியூன் எட்டிப் பார்த்தான். "ஐயா, இன்னிக்கு உங்களுக்கு வேற கேஸ் கீதா?"

"இல்லப்பா" என்றார் வேதகிரி. கழுத்துப்பட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தண்ணீர்க் கேன் இருக்கிற பக்கம் போனார்.